துண்டு போட்ட கோப்புகள்

காலியாக இருக்கும் ஒன்றை வைத்தே ஒருத்தியைக் கவிழ்த்துவிடலாம் என்பதை ஓசூருக்கு வந்த பிறகுதான் தெரிந்துகொண்டேன். மொத்தம் ஏழு கோப்புகள். ஒன்றுக்குள்ளும் ஓர் எழுத்துகூடக் கிடையாது. ஏழும் என் பெயரில் இருந்தன.

எங்கள் தொழிற்சாலையில் பிரேக்குக்கான இரும்பு வளையங்கள் செய்கிறார்கள். நான் அளவு பார்க்கும் அறையில் ஒப்பந்த வேலையில் இருந்தேன். வளையங்கள் டிரே டிரேயாக வரும். சூடு ஆறியதும் ஒவ்வொரு டிரேயிலிருந்தும் ஒன்றை எடுத்து அளவு இயந்திரத்தில் வைத்தால், டிரே எண்ணையே பெயராக வைத்துக் கணினியில் ஒரு கோப்பு உருவாகும். அந்தப் பெயரில் கோப்பு இருந்தால் லைனில் பச்சை விளக்கு எரியும், டிரே பேக்கிங்குக்குப் போகும். இல்லையென்றால் சிவப்பு எரியும், லைன் நிற்கும், சூப்பர்வைசர் வந்து நம் உயிரை எடுப்பார்.

ஒருநாள் இயந்திரத்தில் வளையத்தைத் தொட்டு அளக்கும் முள் உடைந்துவிட்டது. மாற்று முள் வர அரைமணி நேரம் ஆகும் என்றார்கள். சிவப்பு விளக்கு எரிந்தது. சூப்பர்வைசர் தமிழிலும் தெலுங்கிலும் மாறி மாறிக் கத்தினார். பர்கூரில் படித்தபோது லேபில் கட்டளைகள் தட்டிய கருப்புத் திரை அப்போது ஞாபகம் வந்தது. அதைத் திறந்து, 'டச்' என்ற கட்டளையை அடித்து, ஓர் இடம் விட்டு, டிரே எண்ணை அடித்து என்டர் தட்டினேன். உள்ளே ஒன்றுமே இல்லாத கோப்பு ஒன்று உருவானது. பச்சை எரிந்தது. லைனுக்குப் பெயர் மட்டும் போதும், உள்ளே என்ன இருக்கிறது என்று அது பார்ப்பதே இல்லை! முள் வந்ததும் பேக்கிங் வரைக்கும் ஓடி, அதே டிரேயிலிருந்து ஒரு வளையத்தை எடுத்து வந்து அளந்து, அந்தக் கோப்பை நிரப்பினேன். அளக்காமல் ஒன்றை அனுப்பினேன் என்று என்னை யாரும் சொல்ல முடியாது.

இதை ஒரே ஒருத்திக்குத்தான் சொல்லிக் கொடுத்தேன். அஞ்செட்டிக்கும் மேலே மலையில் அவள் ஊர். என்னைவிட மூன்று வயது சின்னவள். நான் காலை ஷிப்ட், அவள் மதிய ஷிப்ட். இரண்டு பேருக்கும் ஒரே வாடகை அறை, ஒரே அடுப்பு.

"பஸ்ஸுல ஜன்னல் வழியா துண்டு போடறமே, அந்த மாதிரி. ஆளு அப்பறமா வந்து ஒக்காந்துக்கலாம். அதானக்கா?" என்று சிரித்தாள். அன்றிலிருந்து எங்களுக்குள் அந்த வேலைக்குத் துண்டு என்று பெயர். இயந்திரம் மக்கர் பண்ணும் நாட்களில், "ரெண்டு துண்டு போட்டு வெச்சிருக்கன்க்கா, அளந்துட்டுத்தான் வருவன்" என்று போன் செய்வாள். சொன்னபடி அளந்துவிட்டுத்தான் வருவாள்.

அவளுக்கென்று ஒரு லாகின் பெங்களூர் தலைமை அலுவலகத்திலிருந்து வரவேண்டும். இன்று வரும் நாளை வரும் என்று மாதக்கணக்கில் இழுத்தார்கள். பாவம் என்று என்னுடையதையே கொடுத்தேன். பாஸ்வேர்டை அவள் உள்ளங்கையில் பேனாவால் எழுதிவிட்டது நான்தான். எனக்குப் புத்தி அவ்வளவுதான்.

இதற்கிடையில் அளவு அறைக்கு ஒரு நிரந்தர இடம் வருகிறது, எங்கள் இருவரில் ஒருவருக்குத்தான் என்று பேச்சு வந்தது. ஒப்பந்தக்காரர்களின் அடையாள அட்டையைப் பதினொரு மாதத்துக்கு ஒருமுறை பிடுங்கிக்கொண்டு வெளியே நிறுத்தி, பிறகு புதிதாகச் சேர்ப்பது போலச் சேர்ப்பார்கள். மூன்று முறை அப்படி கேட்டுக்கு வெளியே நின்றிருக்கிறேன். நான்காவது முறை நிற்கக் கூடாது என்பது மட்டுமே என் ஆசையாக இருந்தது. அவளோ, "உனக்குத்தான்க்கா கெடைக்கும், நீதான சீனியரு" என்றாள். அதை நான் நம்பினேன்.

அடுத்த ஞாயிறு, என் பழைய லேப்டாப்பில் இன்னும் ஏதாவது சொல்லிக் கொடு என்று பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அதே 'டச்'சோடு இன்னும் கொஞ்சம் சேர்த்து அடித்தால், கோப்பு உருவான நேரத்தையே பின்னுக்குத் தள்ளலாம் என்று காட்டினேன். அவள் பிறந்த தேதியில் ஒரு கோப்பை உருவாக்கினேன். கைதட்டினாள்.

"கம்ப்யூட்டரயே ஏமாத்தலாமாக்கா? கண்டுபிடிக்கவே முடியாதா?"

சார்ஜ் தீர்ந்துவிட்டது என்று சொல்லி லேப்டாப்பை மூடினேன்.

அந்த வாரம் வியாழக்கிழமை அவளைப் பெண் பார்க்க ஊரில் வருவதாக இருந்தது. சாயங்கால பஸ்ஸை விட்டால் மலைக்கு வேறு பஸ் இல்லை. பாதி ஷிப்டில் சூப்பர்வைசரிடம் சொல்லிவிட்டுக் கிளம்பினாள். "டிரே எல்லாம் அளந்துட்டன்க்கா" என்று பஸ்ஸிலிருந்து போன் செய்தாள். நல்லபடியாகப் போய்ட்டு வா என்று வாழ்த்தினேன்.

திங்கள் காலை, எங்கள் வளையங்களை வாங்குகிற பெங்களூர் கம்பெனிக்காரர்கள் புதன்கிழமை சோதனைக்கு வருவதாக நோட்டீஸ் ஒட்டினார்கள். எனக்கு ஒரு பயமும் இல்லை.

புதன் மதியம் ஷிப்ட் மாறும் நேரம். நாங்கள் இரண்டு பேரும் அளவு அறையில் இருந்தோம். வந்திருந்தவர் கோப்புகளை வரிசையாகத் திரையில் இறக்கிக்கொண்டே வந்து ஓரிடத்தில் நிறுத்தினார். ஏழு கோப்புகளின் அளவு பூஜ்யம். "யாரு மாடித்து?" என்று கன்னடத்தில் கேட்டார். யார் செய்தது என்று கேட்கத் தேவையே இல்லை. பக்கத்திலேயே என் பெயர் இருந்தது. நேரம் வியாழன் மதியம் ஒரு மணி. என் ஷிப்ட்.

கூடவே வந்திருந்த எங்கள் மேனேஜர் அவளைப் பார்த்தார். அவள் தரையைப் பார்த்தாள்.

"எனக்குத் தெரியாதுங்க சார். அக்கா ஷிப்ட்டுல வந்த டிரேங்க."

வியாழன் அன்று என் கைக்கு வந்த ஒவ்வொரு டிரேயையும் நான் அளந்திருந்தேன். நேரத்தைப் பின்னுக்குத் தள்ளத் தெரிந்தவர்கள் அந்தத் தொழிற்சாலையிலேயே இரண்டு பேர்தான். அதில் ஒருத்தி நான்.

"ஒரு நிமிஷம் சார்" என்று கீபோர்டை இழுத்தேன். நேரத்தை யார் வேண்டுமானாலும் பின்னுக்குத் தள்ளலாம். ஆனால் தள்ளியது எப்போது என்று கணினி தனியாக ஒரு கணக்கு வைத்திருக்கும். 'டச்' கொண்டு அதைப் பின்னுக்குத் தள்ள முடியாது. பட்டியல் கேட்கும் கட்டளையோடு 'சி' என்ற ஒரே எழுத்தைக் கூடுதலாகச் சேர்த்து என்டர் தட்டினேன். ஏழு வரியிலும் ஒரே நேரம் வந்தது. திங்கள், மூன்று இருபது. வியாழன் பஸ்ஸைப் பிடிக்க அளக்காமலே துண்டு போட்டவள், சோதனை நோட்டீஸைப் பார்த்ததும் நேரத்தை என் ஷிப்டுக்குத் தள்ளியிருக்கிறாள்.

திங்கள் இரண்டு ஐந்துக்கு நான் கேட்டில் பஞ்ச் செய்து வெளியேறியிருந்தேன். மூன்று இருபதுக்கு எங்கள் வாடகை அறையில் அவளுக்குப் பிடிக்குமே என்று ராகி களி கிண்டிக்கொண்டிருந்தேன். அன்று ஷிப்ட் முடிந்து வந்து, கீரைக் குழம்பு ஊற்றி இரண்டு உருண்டை சாப்பிட்டாள். என் தலையில் பழியை எழுதி வைத்துவிட்டு வந்து, என் கையால் வாங்கிச் சாப்பிட்டாள்.

"இந்தக் காலி ஃபைல் போடற வேலைய உனக்கு யாரும்மா சொல்லிக் குடுத்தது?" என்று மேனேஜர் கேட்டார். என்னைக் காட்டினாள். அது பொய் இல்லை. அவள் அட்டையை அன்றே வாங்கிக்கொண்டார்கள். லாகினைக் கொடுத்ததற்கும் துண்டு போடக் கற்றுக்கொடுத்ததற்கும் எனக்கு ஓர் எச்சரிக்கைக் கடிதம். நிரந்தர இடம் வேறு பிரிவிலிருந்து வந்த ஒருவருக்குப் போனது. அடுத்த பதினொரு மாதம் முடிந்ததும் நான் மறுபடி கேட்டுக்கு வெளியே நின்றேன்.

அட்டையை வாங்கிய மறுநாள் நான் வேலை முடிந்து வந்தபோது அவள் பையைக் கட்டிக்கொண்டிருந்தாள். அழுவாள், மன்னிப்புக் கேட்பாள் என்று நினைத்தேன். கேட்டால் என்ன திட்டு திட்டுவது என்றுகூட வழியெல்லாம் யோசித்து வைத்திருந்தேன். அவள் ஜிப்பை இழுத்து மூடிவிட்டு நிமிர்ந்தாள்.

"எல்லாம் சொல்லிக் குடுத்த. அந்த 'சி'ய மட்டும் ஏன்க்கா எனக்குச் சொல்லித் தரல?"

"அன்னிக்குத்தான் சார்ஜ் தீந்துபோச்சே" என்றேன்.

"பாதிக்கு மேல இருந்துச்சுக்கா. நான் பாத்தன்."

பையைத் தோளில் மாட்டிக்கொண்டு சாயங்கால பஸ்ஸுக்குப் போய்விட்டாள்.