கோமதியின் வியாதி யாருக்கெல்லாம் தெரியும்

மாநகராட்சிக் கல்வி அலுவலகத்தில் எனக்குக் கொடுத்த வேலை, தனிக் கவனம் தேவைப்படும் பிள்ளைகளின் விவரங்களைக் கேட்டு எழுதிப் பத்திரமாக வைப்பது. கேட்பதிலும் எழுதுவதிலும் எனக்கு ஒருநாளும் சிரமம் இருந்ததில்லை. அரசாங்க அலுவலகத்தில் உழைத்தவர்களுக்கும், அங்கே பெஞ்சில் காத்துக் கிடந்தவர்களுக்கும் மீதியை நான் விளக்க வேண்டியதில்லை. புனேயில் தொண்ணூறுகளின் நடுவில் தொடங்கி ஓய்வு பெறும்வரை இதைத்தான் செய்தேன். எத்தனையோ பிள்ளைகள். ஒருத்தியைப் பற்றி மட்டும் சொல்கிறேன். மற்றவர்கள் கதையும் ஏறக்குறைய இதுதான்.

இசக்கியம்மாளின் நிபந்தனை

கோமதி விஷ்ராந்த்வாடியில் ஒரு மராத்திப் பள்ளியில் நாலாம் வகுப்பு படித்தாள். அப்பாவுக்கு ராணுவக் கிடங்கில் வேலை. திருநெல்வேலிப் பக்கத்துக் குடும்பம். கோமதிக்கு எப்போதாவது வலிப்பு வரும். அதைச் சொல்லத்தான் அவள் அம்மா இசக்கியம்மாள், தமிழ் பேசுகிற ஆள் என்று விசாரித்து, என்னிடம் வந்தாள். வகுப்பு டீச்சருக்கும் தலைமை ஆசிரியைக்கும் தெரிந்தால் போதும், தெருவுக்குத் தெரியக் கூடாது என்றாள்.

வீட்டில் எதையும் முடிவு செய்கிறவர் கோமதியின் பெரியப்பா. விஷயம் வெளியே போய் நாலு பேர் கேட்கும்படி ஆனால் படிப்பை நிறுத்திப் பெண்ணை ஊருக்கு அனுப்பிவிடுவேன் என்று அவர் முன்பே சொல்லியிருந்தாராம். எழுதி முடித்து நான் பேனாவை மூடியபோது இசக்கியம்மாள் நீளமாக ஒரு மூச்சு விட்டாள். வெளியே மழை நின்ற பிறகும் மரங்கள் சொட்டிக்கொண்டிருந்தன. "படிச்சவங்க எழுதி வச்சா பத்திரமா இருக்கும்லா, டீச்சர்?" என்றாள்.

பாபுராவின் குரல்

வருஷத்துக்கு ஒருமுறை தாய்மார்களை அலுவலகத்துக்கு வரச்சொல்வோம். நீண்ட தாழ்வாரம், இரண்டு பக்கமும் பெஞ்சு. ப்யூன் பாபுராவ் கதவருகே நின்று கூப்பிடுவார்: காது கேட்காத சுனில், படுக்கையை நனைக்கிற சவிதா. சுனில்கள் நிறைய இருந்ததால் பெயரோடு வியாதியையும் சேர்த்துக்கொள்வது அவருடைய கண்டுபிடிப்பு. வேண்டாம் என்று கெஞ்சி, எல்லோருக்கும் அட்டையில் நம்பர் எழுதிக் கொடுத்தேன். அவரும் சரி என்று தலையாட்டிவிட்டு, பன்னிரண்டாம் நம்பர் வலிப்பு உள்ளே வரலாம் என்று கூப்பிட்டார்.

இசக்கியம்மாள் முந்தானையைத் தலைக்கு மேல் இழுத்துக்கொண்டு சுவரைப் பார்த்தபடி இருந்தாள். தாழ்வாரம் காலியான பிறகுதான் எழுந்து வந்தாள். அன்று பாபுராவிடம் சண்டையே போட்டேன். நல்ல மனிதர், அதுதான் கஷ்டம்; என் கோபம் அவருக்குப் புரியவே இல்லை. அங்கே டீச்சர்களை 'பாயி' என்றுதான் கூப்பிடுவார்கள். "நம்பரை மறந்துடறாங்க, பாயி. வியாதியை யாரும் மறக்கறதில்லை" என்றார்.

கணபதிப் பந்தலில்

ஒரு வருஷம் கணபதி விழாவில், விஷ்ராந்த்வாடிப் பக்கத்து மாநகராட்சிக் கவுன்சிலர் ஒருவர் குறையுள்ள பிள்ளைகளுக்கு ஏதாவது கொடுக்க ஆசைப்பட்டார். எங்கள் அதிகாரி என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் பெயர், சந்து, குறை எல்லாவற்றையும் அனுப்பிவிட்டார். ஆரத்தி முடிந்து கற்பூரம் அணைவதற்குள் மைக்கில் வாசிக்கத் தொடங்கினார்கள். ஆளுயர ஸ்பீக்கருக்கு முன்னால் நிறுத்திப் பிள்ளைகளுக்குக் காது மிஷின் கொடுத்தார்கள். அடுத்தது கோமதி. அப்பா பெயர், வீடு இருக்கும் சந்து, வலிப்பு நோய். அவள் பிரசாதம் வாங்கப் பெரியப்பாவோடு வரிசையில் நின்றிருந்தாள். வலிப்புக்குக் கொடுக்க எதுவும் இல்லாததால் ஓர் ஊன்றுகோலைக் கொடுத்தார்கள். துள்ளி ஓடுகிற பெண், அதை என்ன செய்வதென்று தெரியாமல் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு நின்றாளாம்.

மறுநாளே படிப்பை நிறுத்தச் சொன்னார் பெரியப்பா. இசக்கியம்மாள் சாப்பிடாமல் கிடந்து, கடைசியில் ஒரு கெடு வாங்கினாள்: பத்தாவது வரை போகட்டும், தேறினால் மேலே படிக்கட்டும், தேறாவிட்டால் ஊர். இதை என்னிடம் சொன்னபோது அவள் என்னைக் குறை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். நான் நேராக அதிகாரியின் அறைக்குப் போய்க் கேட்டேன். அவர் டீயைக் கீழே வைக்காமலே பதில் சொன்னார்: "நல்ல காரியத்தை மைக்குல சொல்லாம காதுலயா சொல்லுவாங்க, மேடம்?"

குளிர்ந்த அறை

பிறகு கம்ப்யூட்டர் வந்தது. பிள்ளைகளின் விவரமெல்லாம் அதற்குள் போனது. இனிமேல் கவலை இல்லை என்று ஒரு வாரம் நானும் நம்பினேன். அலுவலகத்திலேயே ஏ.சி. உள்ள ஒரே அறை அதுதான் என்பதை நான் யோசிக்கவில்லை. ஏப்ரல் வெயிலில் மாற்றல் கேட்டு வந்த ஆசிரியர், இன்சூரன்ஸ் ஏஜெண்டு, யாருடைய மைத்துனரோ, எல்லோரும் அங்கே போய் உட்கார்ந்தார்கள். திரையில் எப்போதும் எங்கள் பிள்ளைகள். நேரம் போகாதவர்கள் வாய்விட்டுப் படித்தார்கள். இதெல்லாம் கண்டவர்கள் பார்க்கிற விஷயமா என்று ஆபரேட்டர் பையனைக் கேட்டேன். அவன் வாசலைக் காட்டினான். "கவலைப்படாதீங்க மேடம், செருப்போட ஒருத்தரையும் உள்ள விடறதில்லை."

சிவப்பு முத்திரை

இத்தனை பேருக்குத் தெரிந்த விஷயம் தெரியாமல் இருந்த ஒரே இடம் பத்தாவதுத் தேர்வு மையம். அதற்காகவே நான் விவரமாக எழுதி அனுப்பினேன்: வலிப்பு வந்தால் என்ன செய்வது, தெளிந்த பிறகு எழுதக் கூடுதல் நேரம் கொடுப்பது. அந்தச் சமயம் பார்த்து எங்கள் அதிகாரிக்கு ஏதோ விவரம் வெளியே கசிந்ததற்காக மேலிடத்திலிருந்து ஒரு கண்டிப்பு வந்திருந்தது. என் கடிதத்தை உறையில் போட்டு ஒட்டி, மேலே 'ரகசியம்' என்று சிவப்பு முத்திரை குத்தி அனுப்பினார்.

கணக்குப் பரீட்சையின்போது கோமதிக்கு வலிப்பு வந்தது. கையில் சாவிக்கொத்தைத் திணித்தார்கள், வெங்காயத்தை முகரவைத்தார்கள், விடைத்தாள் நனையும்படி தண்ணீர் தெளித்தார்கள். கண் விழித்தபோது விடைத்தாளை எடுத்துக்கொண்டு போய்விட்டிருந்தார்கள். மறுநாள் நான் போனேன். உறை மேஜைமேல் இருந்தது, ஒரு மூலைகூடக் கிழியாமல். எங்கள் அலுவலகம் காப்பாற்றிய முதல் ரகசியம். மையத்துப் பொறுப்பாளர் சற்றுப் பெருமையாகவே சொன்னார்: "ரகசியம்னு போட்டிருந்தது, மேடம். நாங்க அதையெல்லாம் பிரிச்சுப் படிக்கிற ஆளுங்க இல்லை."

அக்டோபரில்

கணக்கில் கோமதி தேறவில்லை. பெரியப்பா ஊருக்கு ரயில் டிக்கெட் எடுக்கக் கிளம்பிவிட்டார். இன்னும் ஒரே ஒரு தடவை, அக்டோபர் பரீட்சை மட்டும் என்று இசக்கியம்மாள் அவர் காலில் விழுந்தாள். இந்த முறை நான் கடிதம் எழுதவில்லை. வீடு இருந்த கோர்படியிலிருந்து பஸ் ஏறி நானே தேர்வு மையத்துக்குப் போனேன். சொல்ல வேண்டியதை வழியெல்லாம் மராத்தியில் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். போய்ச் சேர்ந்தபோது கண்காணிப்பாளர் அம்மாள் வினாத்தாள் கட்டோடு அறைக்குள் நுழைந்துகொண்டிருந்தார். கதவருகே நின்று நான் தொண்டையைச் செருமுவதற்குள், ஜன்னலோர பெஞ்சில் கோமதி எழுந்து நின்றாள். அறை முழுவதும் திரும்பிப் பார்த்தது. நல்ல மராத்தியில், குரல் நடுங்காமல் சொன்னாள்:

"எனக்கு வலிப்பு வரும், பாயி. வந்தா ஒருக்களிச்சுப் படுக்க வைங்க, வாயில எதுவும் வைக்காதீங்க. கொஞ்ச நேரத்துல எழுந்துடுவேன். பேப்பரை மட்டும் எடுத்துடாதீங்க."

அவள் தேறினாள், மேலே படித்தாள். அவளைப் பற்றிய தகவல் உரிய ஆளிடம் உரிய நேரத்தில் போய்ச் சேர்ந்த அந்த ஒரு தடவையில், அதற்கென்றே சம்பளம் வாங்கிய எங்களுக்கு ஒரு பங்கும் இல்லை.