கிழ ஆட்டுக்குக் குரல் கொடுத்தவள்

அவளுக்கு ஐம்பத்திரண்டு வயது. ஆனாலும் டப்பிங் ஸ்டுடியோவில் எல்லாருக்கும் அவள் பாப்பாதான். இருபத்தாறு வருடமாகத் திரையில் அழுத, அடம்பிடித்த, மிட்டாய் கேட்ட குழந்தைகளில் பாதிப் பேர் அவள் தொண்டையிலிருந்து வந்தவர்கள்.

அந்த வருடம் வந்த வேலை வேறு மாதிரி. பெரியவர்களுக்கான அனிமேஷன் படம். கசாப்புக் கடைக்காரன் ஒருவன், வெட்டுவதற்கென்று வாங்கிவந்த கிழ ஆட்டோடு சிநேகமாகிவிடுகிறான். கடையைச் சாத்திவிட்டு, விட்டுப்போன பெண்டாட்டியைப் பற்றியும் சாவைப் பற்றியும் இருவரும் பேசுவார்கள். ஆடு வாயைத் திறந்தால் பாதி கெட்ட வார்த்தை. அதற்குத்தான் பாப்பா குரல்.

"பொம்மைப் படம்னு சொன்னே. இதைப் புள்ளைங்க பார்க்கலாமா?" என்று கேட்டார், வசனத் தாளைப் புரட்டிய கணவர். அவர் பஸ் டிரைவர்.

"புள்ளைங்களுக்கு இல்லைங்க. உங்களை மாதிரி ஆளுங்களுக்கு."

சவுண்ட் இன்ஜினியரைப் பார்த்ததுமே அவளுக்கு என்னவோ சரியாகப் படவில்லை. பேசவே மாட்டார்; மௌனச்சாமி என்றே பெயர் வைத்திருந்தார்கள். வசனம் முடிந்த பிறகும் அவளை விடமாட்டார்.

"இருமுங்க."

"மூச்சு மட்டும் விடுங்க."

"க, கா, கி, கீ... வரிசையா சொல்லுங்க."

ஆட்டுக்கு எதற்குக் ககர வரிசை? வீட்டில் சொன்னாள். கணவர் ஷூவைக் கழற்றிக்கொண்டே சொன்னார்: "உன் குரலை மெஷினுக்குப் பழக்குறாங்க. அது பழகிடுச்சுன்னா அப்புறம் உன்னை எதுக்குக் கூப்பிடப் போறாங்க?"

அன்றிலிருந்து அவள் கண் மௌனச்சாமி மேலேயே இருந்தது. அவர் கேட்ட எழுத்துகளை வேண்டுமென்றே மூக்கால் சொன்னாள். தொண்டை கட்டியிருக்கிறது என்று பொய் சொன்னாள். அவர் எதுவும் கேட்கவில்லை. அதுதான் அவளை இன்னும் கலவரப்படுத்தியது.

ஒரு மதியம் அவர் கை கழுவப் போன நேரத்தில் அவர் அறைக்குள் நுழைந்தாள். கம்ப்யூட்டரில் 'பாப்பா - தனி' என்று ஒரு ஃபோல்டர் திறந்திருந்தது. அவள் மூச்சு, இருமல், சிரிப்பு எல்லாம் இருநூறுக்கு மேல் துண்டு துண்டாக இருந்தன. நிமிர்ந்தபோது அவர் வாசலில் நின்றார். உள்ளே வந்து கதவைச் சாத்தினார்.

"இது எதுக்கு சார்?"

"புரொட்யூசர் கேட்டாரு. அடுத்த படத்துக்கு உங்களைக் கூப்பிட வேண்டாம்னு பார்க்கிறாரு."

"நீங்களும் கூட்டா?"

"போட்டுக் கேளுங்க."

ஹெட்போனை மாட்டினாள். ஒவ்வொரு துண்டிலும் அவள் குரலுக்கு அடியில் ஒரு இரைச்சல் ஓடியது.

"நான் கலந்தது. இதை வச்சு அவங்க மெஷின் ஒண்ணும் பண்ண முடியாது. ரெண்டு தடவை திருப்பி அனுப்பிட்டாங்க. அதான் உங்களைத் திரும்பத் திரும்பத் தொந்தரவு பண்றேன்."

"இரைச்சலை எடுத்துட முடியாதா?"

"முடியும். இங்க எடுக்கத் தெரிஞ்ச ஆள் நான் ஒருத்தன்தான்."

"என்கிட்ட ஏன் சொல்லலை?"

"நீங்க மூக்கால பேச ஆரம்பிச்சீங்க. நான் கண்டுக்காம விடுறேனான்னு சோதிக்க, புரொட்யூசர்தான் உங்களை அப்படிப் பேசச் சொன்னாரோன்னு நினைச்சேன்."

அவளுக்கு நம்பவும் முடியவில்லை, நம்பாமல் இருக்கவும் முடியவில்லை.

"என் கண்ணு முன்னாடி அழிங்க."

அழித்தார்.

"பென் டிரைவ்?"

பேன்ட் பைகளை வெளியே இழுத்துக் காட்டினார். அவர் சிரித்து அன்றுதான் பார்த்தாள்.

மறுநாள் புரொட்யூசர் முன்னால் ஒரு தாளை வைத்தாள்: இந்தக் குரல் இந்தப் படத்துக்கு மட்டும். பாதிப் படம் அவள் குரலில் முடிந்திருந்ததால், முகத்தைச் சுளித்துக்கொண்டு கையெழுத்துப் போட்டார்.

படம் இரண்டு வாரம் ஓடியது. ஆடு செத்துப்போகிற இடத்தில் அவள் கணவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

இப்போது பாப்பாவும் மௌனச்சாமியும் ஒரே மேசையில் மதியச் சாப்பாடு சாப்பிடுகிறார்கள். பேச்சுவார்த்தை இல்லாத தன் அக்காவைப் பற்றி அவர் கொஞ்சம் சொல்லியிருக்கிறார், முழுக்க அல்ல. அவளும் எல்லாவற்றையும் சொன்னதில்லை. போன் வந்து அவர் எழுந்து வெளியே போனால், மெல்லுவதை நிறுத்திவிட்டுக் காதைத் தீட்டிக்கொள்வாள்.