ஸ்பாஞ்ச் மௌரீன்

ஹெல்மெட்டைக் கழற்றாமலே தொட்டியின் மேல் குனிகிறார் மௌரீன். ஹெல்மெட் கண்ணாடியில் டொக்கென்று முட்டுகிறது. "இன்னா கண்ணு, வாயத் தொறந்தியா?" உள்ளே எலுமிச்சம்பழ அளவில், ஆரஞ்சு நிறத்தில் உருண்டையாக ஒரு கடற்பஞ்சு. அதன் உச்சியில், உறிஞ்சிய தண்ணீரை வெளியே விடும் ஒரு சிறு துளை. அது திறந்திருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் ஹெல்மெட் இறங்கும்.

லிங்கராஜபுரத்திலிருந்து ஆராய்ச்சி நிலையம் வரும்வரை ஸ்கூட்டர் ஹாரனிலிருந்து விரலை எடுக்காதவர். குக்கரில் ஆவி அடங்கும்வரை பொறுக்காமல் வெயிட்டைக் கரண்டியால் தூக்கிவிடுபவர். கடற்பஞ்சின் முன்னால் மட்டும் மணிக்கணக்கில் அசையாமல் உட்காருவார். கடல் இல்லாத ஊரில், நீல டிரம்மில் உப்பைக் கொட்டிக் கலக்கிக் கடல்நீர் செய்வதும் அவரேதான். "பெங்களூர் பீச் ரெடி" என்று கையை உதறுவார்.

கடற்பஞ்சுக்கு மூளை இல்லை, நரம்பும் இல்லை. ஆனாலும் தண்ணீரில் சில வேதிப்பொருள்கள் பட்டால் அதன் செல்கள் உணர்ந்துகொள்ளும். உடம்பு மொத்தமும் சுருங்கி அழுக்கை வெளியே தள்ளும். மௌரீன் அதைத் தும்மல் என்பார். தும்மவைக்க அவர் போடுவது குளுட்டமேட். "கோபி மஞ்சூரியில அஜினோமோட்டோ போடறாங்கல்ல, கிட்டத்தட்ட அதே சாமான்."

ஆனால் மண்டபம் கடற்கரையிலிருந்து வந்த பஞ்சுகள் மழைக்காலம் முழுக்கத் தும்மவேயில்லை. எதைப் போட்டாலும் இறுகியே கிடந்தன. தொட்டிகள் இருக்கும் அறையை வேறொருவருக்குக் கொடுக்கப் போவதாகத் துறைத்தலைவர் மஞ்சுநாத் சொல்லிவிட்டார். அன்று சாப்பிடாமல் தொட்டிகளையே பார்த்துக்கொண்டிருந்தபோதுதான், எல்லாவற்றிலும் ஒரே தண்ணீர் சுற்றிவருவது மௌரீனுக்கு உறைத்தது. "ஒண்ணு சுருங்குனா, அது வுட்ட சேதி தண்ணியோட எல்லாத்துக்கும் போவுது. அப்பறம் எது விரியும்?" அப்போதே குழாய்களைப் பிடுங்கிப் போட்டு, ஒவ்வொன்றுக்கும் தனித் தண்ணீர் கொடுத்தார். சில நாளில் துளைகள் ஒவ்வொன்றாகத் திறந்தன.

மஞ்சுநாத்தைக் கையோடு அழைத்துவந்து ஸ்டூலில் உட்காரவைத்தார். முதல் தொட்டியில் குளுட்டமேட் விழுந்தது. பஞ்சு அப்படியே இருந்தது. மஞ்சுநாத் போனைப் பார்த்தார், பஞ்சைப் பார்த்தார்.

"ஏனூ ஆக்லில்வல்லா?" ஒன்றும் ஆகவில்லையே என்று எழப் போனார்.

"கூத்கொள்ளி சார், உக்காருங்க. நரம்பு இல்லாத ஜீவன். ஒரு செல்லு பக்கத்து செல்லுக்குச் சொல்லணும், அது அடுத்ததுக்குச் சொல்லணும். டைம் ஆவும்."

டீ ஆறிப்போனது. பிறகு உருண்டை கண்ணெதிரே இளைத்தது. புகைபோல் அழுக்கைத் துப்பிவிட்டுத் துளையை மூடிக்கொண்டது.

அந்தத் தொட்டித் தண்ணீரில் சில சொட்டுகளை எடுத்து இரண்டாவதில் விட்டார் மௌரீன். "அதுலயும் குளுட்டமேட் இருக்குமே?" என்றார் மஞ்சுநாத். "அதனாலதான் மூணாவது." மூன்றாவதில் அதே அளவு குளுட்டமேட் கலந்த, எந்தப் பஞ்சும் தொடாத தண்ணீரை விட்டார். இருவரும் காத்திருந்தார்கள். இரண்டாவது பஞ்சு சுருங்கியது. மூன்றாவது, வாயைத் திறந்தபடியே இருந்தது.

மஞ்சுநாத் வெகுநேரம் குனிந்து பார்த்தார். பிறகு அலுவலகத்துக்குப் போன் செய்தார். "ஆ ரூம் மௌரீன்கே இர்லி." அந்த அறை மௌரீனுக்கே இருக்கட்டும் என்றார்.

மௌரீன் வராந்தாப் பக்க ஜன்னலைத் தள்ளித் திறந்தார். உப்புத்தண்ணீர் சொட்டும் இரண்டு விரல்களை வாயில் வைத்து, மாடியில் இருப்பவர்கள் எல்லாரும் ஓடிவரும்படி ஒரு விசில் அடித்தார்.