நங்கூரம் என்று ஒரு பெண்

என் அக்காவின் பெயர் நங்கூரம். ராயபுரத்தில் மேரிகளும் லட்சுமிகளும் தெருவுக்குத் தெரு இருந்தார்கள். நங்கூரம் எங்கள் வீட்டில் மட்டும்தான். அப்பாவுக்குத் துறைமுகப் படகில் வேலை. அறுந்த கயிறு, தகரம் என்று அங்கிருந்து எதையாவது தூக்கிக்கொண்டு வருவார். இந்தப் பெயரையும் அப்படித்தான் கொண்டுவந்திருப்பார் என்று நினைத்திருந்தேன். அக்கா குடத்தோடு நடந்தால், “கப்பல் ஓடிடப் போவுது, சீக்கிரம் வா” என்று பின்னாலேயே கத்துவேன். ஈரத் துடைப்பம் பறந்து வரும். அவள் குறி தப்புவதில்லை.

அந்தப் பெயரால் வந்த தொல்லை எனக்கும் தெரியும். திருவொற்றியூரிலிருந்து பெண் பார்க்க வந்தவர்கள், பெயரைக் கேட்டதும் சிரித்துவிட்டு எழுந்து போனார்கள். அக்கா அன்று சோறு தின்னவில்லை. அதனால் கொருக்குப்பேட்டை வரன் வந்தபோது, அப்பாவின் அக்காவான அத்தை முன்கூட்டியே சட்டம் போட்டுவிட்டாள்.

“இன்னிக்கு இவ பேரு நளினி. தாலி ஏறட்டும், அப்பால பாத்துக்கலாம். டேய், நீ வாயத் தொறந்தே, தோல உரிச்சிடுவேன்.”

என் வாயை அடைக்க ஒரு கடலை உருண்டையும் கொடுத்தாள். அம்மா காப்பிக்குத் தண்ணீர் வைக்கப் போனாள்.

மாப்பிள்ளை தன் அம்மாவோடு வந்தார். கூட்ஸ் யார்டில் மூட்டை ஏற்றுகிறவர். அவ்வளவு பெரிய உடம்பு எங்கள் பாயில் மடங்க மாட்டேன் என்றது. அவர் மூக்கில் ஒரு துளை இருந்தது. மூக்குத்தி போட்ட ஆம்பளையா என்று, உருண்டையைக் கடிக்காமலே பார்த்துக்கொண்டிருந்தேன்.

“நளினி, காப்பி எட்தா” என்றாள் அத்தை. யாரும் வரவில்லை. மறுபடியும் கூப்பிட்டாள். கதவுக்குப் பின்னால் தட்டோடு நின்ற அக்கா அசையவே இல்லை.

மாப்பிள்ளையின் அம்மா மெதுவாகக் கேட்டார்: “பொண்ணுக்குக் காது கேக்காதா?”

என் அக்காவைச் செவிடு என்பதா? அவளைக் கேலி செய்வது என் ஒருவனுடைய உரிமை. உருண்டையை வாயிலிருந்து எடுத்துவிட்டுச் சொன்னேன்.

“அதெல்லாம் ஷோக்கா கேக்கும். நங்கூரம்னு கூப்ட்டுப் பாரு, வரும்.”

அக்கா வந்தாள். அத்தை என் தொடையைக் கிள்ளினாள்.

அந்த அம்மாள் சிரிக்கவில்லை. பெண்ணை விட்டுவிட்டு என் அம்மாவைப் பார்த்தார்.

“இவளுக்கு முன்னால எத்தினிம்மா போச்சு?”

அம்மா வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். “ரெண்டு, யக்கா. பேர் வெக்கிற வரைக்கும்கூடத் தங்கல. இவ பொறந்தப்போ அவருதான், எந்தக் காத்துக்கும் இது நவுரக் கூடாதுன்னு நங்கூரம்னு வெச்சாரு.”

அந்த அம்மாள் மகனின் முகவாயைப் பிடித்து எங்கள் பக்கம் திருப்பினார். “எனக்கு மூணு போயி இவன். மூளிப் புள்ளய எமன் தொட மாட்டான்னாங்க. பொறந்ததுமே மூக்கக் குத்தி, மூக்கன்னு பேரும் வெச்சிட்டேன். இன்னிக்கும் யார்டுல கிண்டல் பண்ணிக்கினுதான் கீறானுங்க.”

அத்தனை பெரிய மனிதர் உள்ளங்கையால் மூக்கை மூடிக்கொண்டார். அக்காவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்து காப்பி பாயில் கொட்டியது. அம்மாவும் அந்த அம்மாளும் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள். கல்யாணம் நின்றுபோய்விட்டது போலிருக்கிறது, அத்தை பிடுங்குவதற்குள் தின்றுவிடலாம் என்று உருண்டையை அவசரமாக முடித்தேன்.

தை மாதம் கல்யாணம் நடந்தது. கொருக்குப்பேட்டைக்குப் போகும்போதெல்லாம் அந்த அம்மாளுக்கு நல்ல வஞ்சிரமாகப் பார்த்து வாங்கிப் போகிறேன். என் அக்காவின் பெயரைக் கேட்டுச் சிரிக்காத முதல் ஆள் அவர்; என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

பெண் பார்த்த அன்று அவர்கள் படி இறங்கியதும் அம்மாவிடம் சண்டைக்குப் போனேன். அவளுக்கு நங்கூரம், அவருக்கு மூக்கன், எனக்கு மட்டும் ஏன் தெருவில் கூப்பிட்டால் நாலு பேர் திரும்பிப் பார்க்கிற பேர்?

“உனக்கு இன்னாத்துக்குடா அதெல்லாம்? அதான் நீ பொறக்கறப்போ அவ இருந்தாளே” என்றாள் அம்மா.

எதைக் கேட்டாலும் இவளுக்கு மகள்தான் பெரிது என்று கோபித்துக்கொண்டு, பொழுது சாயும்வரை அம்மாவோடு பேசாமல் இருந்தேன்.