தொட்டியை விட்டு ஏறாதவர்

லிஃப்ட்டுக்காரர் என்றால் அந்த வட்டாரத்தின் பதினோரு கட்டிடங்களிலும் அவரைத் தெரியும். லிஃப்ட் பழுதுபார்க்கும் வேலை. ஐம்பத்திரண்டு வயது. உடம்பு ஒல்லி, தொண்டை மட்டும் பெரிசு. லிஃப்ட் நடுவழியில் நின்றுபோய் உள்ளே ஆட்கள் கூச்சல் போட்டால், பெட்டியின் தலைமேல் ஏறி நின்று, "பதறாதீங்க, விழாது. விழுந்தா நானும் சேர்ந்துதான் விழுவேன், பெட்டி மேலதான் நிக்கிறேன்" என்பார். உள்ளே சிரிப்புச் சத்தம் கேட்கும். அப்புறம் வெளியே வந்தவர்கள் நன்றி சொல்லக் கையை நீட்டுவார்கள். நீட்டிய கை பாதியிலேயே நின்றுவிடும்.

காரணம் அவருடைய தோல். முப்பத்துமூன்று வயதில் முழங்கையில் காசளவுக்கு ஒரு சிவப்புத் தடிப்பு வந்தது. மேலே வெள்ளை வெள்ளையாகச் செதில். பிறகு முழங்கால், முதுகு, புறங்கை என்று அது உடம்பெங்கும் குடியேறியது. சொரியாசிஸ் என்றார் டாக்டர். உயிருக்கு ஒன்றும் செய்யாது, யாருக்கும் ஒட்டாது, முழுசாகப் போகவும் போகாது என்று மூன்று விஷயம் சொன்னார். இதில் நடுவில் சொன்னதை மட்டும் ஊரில் ஒருவரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. முடிவெட்டுபவர் திடீரென்று கையுறை போட ஆரம்பித்தார். அலுவலகத்தில் அவருடைய டம்ளர் தனியாக, ஜன்னல் பக்கம் போய் உட்கார்ந்தது.

மனைவி அவருக்கு முழுக்கைச் சட்டையாகவே வாங்கினாள். வெயில் மண்டையைப் பிளக்கும் மாதத்தில், மோட்டார் அறைக்குள் வெந்து வேகும்போதும் மணிக்கட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டுதான் வேலை பார்த்தார். கம்பெனியில் எங்காவது உல்லாசப் பயணம் போனாலும், கடலோ அருவியோ, "நீங்க போயிட்டு வாங்க, பையை நான் பாத்துக்கிறேன்" என்று முந்திக்கொள்வார். மற்றவர்கள் சொல்வதற்கு முன்னால் தானே சொல்லிவிடுவதில் ஒரு மரியாதை மிச்சமிருப்பதாக அவருக்கு நினைப்பு. பதினெட்டு வருடம் அப்படிப் போயிற்று.

போன வருடம் மனைவியின் தம்பி ஒரு ஏற்பாடு செய்தான். அவன் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரன். நான்கு மணி நேரப் பயணத்தில் வெந்நீர் ஊற்றுகள் உள்ள ஒரு சின்ன ஊர். பக்கத்து மரத்தோப்பில் கூடாரம் போட்டு இரண்டு ராத்திரி தங்கலாம். அக்கா, மாமா, தான், தன் மனைவி என்று நாலு பேருக்கு முன்பதிவும் செய்துவிட்டான்.

ஒரே ஒரு கடைத்தெரு, ஒரு மருந்துக்கடை, ஒரு பெட்ரோல் பங்க். அவ்வளவுதான் ஊர். காரை விட்டு இறங்கியதும் அழுகிய முட்டை வாடை குப்பென்று அடித்தது. "கந்தகம் மாமா, உடம்புக்கு நல்லது" என்று மூக்கைப் பொத்திக்கொண்டே மச்சான் சொன்னான். அவன் கட்டிய கூடாரம் அன்று சாயங்காலக் காற்றுக்கே குப்புறப் படுத்தது. லிஃப்ட்டுக்காரர் பேசாமல் போய் முளைகளைப் பிடுங்கி, சாய்த்து அடித்து, கயிறை இழுத்துக் கட்டினார். கம்பியும் கயிறும் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு.

சனிக்கிழமை காலையில் குளிக்கப் போனார்கள். மலைச்சரிவில் படிப்படியாக நான்கு கல்தொட்டிகள். மேலே இருப்பது கொதிக்கும், கீழே வர வர இதமாகும். வாசலில் ஒரு பலகை: "தோல் நோய் உள்ளவர்கள் பொதுத் தொட்டியில் இறங்கக் கூடாது." மச்சான் அதைப் படித்தானோ இல்லையோ, கார்ச் சாவி, மூன்று பேர் கைப்பேசி, கைக்கடிகாரம், துண்டுப் பை எல்லாவற்றையும் அவர் கையில் திணித்துவிட்டு, "அந்த பெஞ்சுல நிழல் இருக்கு மாமா" என்றான்.

ஒரு பேச்சுக்காவது "நீங்க குளிக்கலையா" என்று அவன் கேட்டிருக்கலாம். தானாகச் சொல்லும்போது மரியாதையாக இருந்தது, அடுத்தவன் வாயால் கேட்டதும் கன்னத்தில் அறைந்தது போல் சுட்டது. லிஃப்ட்டுக்காரர் பெஞ்சில் உட்கார்ந்து அந்தச் சாவிக்கொத்தையே பார்த்தார். பிறகு எழுந்துபோய், சுவரோரம் இருந்த பூட்டுப் பெட்டி ஒன்றில் எல்லாவற்றையும் வைத்துப் பூட்டினார். சட்டையைக் கழற்றினார். அரைக்கால் சட்டையோடு, மூன்றாவது தொட்டிக்குள் இறங்கிக் கழுத்தளவு உட்கார்ந்தார்.

வெந்நீர் முதுகில் ஏறியபோது அவரையறியாமல் ஒரு பெருமூச்சு வந்தது. அது முடிவதற்குள் எதிரே இருந்த கணவனும் மனைவியும் எழுந்துவிட்டார்கள். அடுத்து இன்னும் இருவர். சற்றைக்கெல்லாம் நிர்வாகி வந்தார். இஸ்திரி போட்ட சட்டை, இஸ்திரி போட்ட பேச்சு.

"சார், கொஞ்சம் மேல வர்றீங்களா? பேசணும்."

"இங்கிருந்தே பேசலாம். எனக்குக் காது நல்லா கேக்கும்."

"வாசல்ல போர்டு பாத்தீங்களா?"

"பாத்தேன். ஒட்டுற நோய்னா போட வேண்டியதுதான். இது ஒட்டாது."

"இல்ல சார், மத்தவங்க சங்கடப்படுறாங்க. உங்களுக்குத் தனி அறை தரேன். உள்ளேயே தொட்டி இருக்கு, பணம்கூட வேண்டாம். நிம்மதியா குளிக்கலாம்."

"நிம்மதிக்கு இங்க என்ன குறைச்சல்?"

அதற்குள் மச்சான் ஈரத்தோடு ஓடி வந்தான். "மாமா, அவர் நல்லபடியாத்தானே சொல்றாரு. எந்திரிங்க, மானம் போகுது."

"யாரோட மானம்?" என்றார் லிஃப்ட்டுக்காரர். அவர் நிர்வாகி பக்கம் திரும்பினார். மாட்டிக்கொண்டவர்களிடம் பேசும் அதே குரலில், நிதானமாகக் கேட்டார்: "ஊர்ல டாக்டர் இருப்பாருல்ல? இப்பவே கூப்பிடுங்க. ஸ்பீக்கர்ல போடுங்க, எல்லாரும் கேக்கட்டும். ஒட்டும்னு அவர் சொன்னா நானே ஏறிப் போயிடுறேன்."

நிர்வாகிக்கு வேறு வழி தெரியவில்லை. போன் போட்டார். இவர் நோயின் பேரைச் சொன்னதும் டாக்டர், "சொரியாசிஸா? ஒட்டாது. இதுக்கா கூப்பிட்டீங்க? வெளிய எட்டு பேர் காத்துக்கிட்டு இருக்காங்க" என்று வைத்துவிட்டார்.

எழுந்துபோனவர்கள் அதைக் கேட்டுவிட்டு ஒன்றும் திரும்பி வரவில்லை. "நான் என்ன சார் செய்யறது, போர்டு முதலாளி வெச்சது" என்று நிர்வாகி தலையைச் சொறிந்தார். "அதை நான் அவர்கிட்டயே பேசிக்கிறேன்" என்றார் இவர். அத்தனை பெரிய தொட்டியில் இப்போது அவர் ஒருத்தர்தான். ஜெயித்த மாதிரியே இல்லை. ஏறிப் போய்விடலாமா என்றுகூட ஒரு நிமிடம் தோன்றியது.

அப்போது மனைவி படியிறங்கி வந்தாள். அதுவரை முகம் சிவந்து, தம்பிமேல் கோபமா கணவன்மேல் கோபமா என்று தம்பி மனைவிக்குப் புரியாதபடி நின்றிருந்தவள்.

"தள்ளி உக்காருங்க. தொட்டியையே குத்தகைக்கு எடுத்த மாதிரி" என்றபடி பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"உனக்கு என்மேல கோபமா?"

"ஆமா. பதினெட்டு வருஷம் கழிச்சா இந்த ரோஷம் வரணும்?" என்றாள். பிறகு தண்ணீரைப் பார்த்தபடி, "சட்டை வாங்கிக் குடுத்தது நான்தானே" என்றாள். விரல்நுனி சுருங்கும்வரை இருவரும் ஏறவில்லை.

மறுநாள் ஞாயிறு. மச்சான் காலையிலேயே கிளம்பிவிடலாம் என்றான். லிஃப்ட்டுக்காரர் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, இருப்பதில் கூட்டம் அதிகமான தொட்டியாகப் பார்த்து இறங்கினார். பாதிப் பேர் நகர்ந்தார்கள். மீதிப் பேர் இருந்தார்கள். தொப்பை பெருத்த லாரி டிரைவர் ஒருவர், "மேல கொதிக்குதுய்யா, இங்க தேவலை" என்று பக்கத்திலேயே தொப்பென்று அமர்ந்தார். என்ன வேலை என்று கேட்டார். சொன்னதும், "கயிறு அறுந்தா நேரா கீழதானா?" என்று ஆரம்பித்தவர், பத்து மாடி இறங்குகிற அளவுக்குக் கேள்வி கேட்டுவிட்டுத்தான் விட்டார்.

திரும்பி வரும் வழி நெடுக மச்சான் காரில் பாட்டைச் சத்தமாக வைத்துக்கொண்டு வந்தான். இன்றுவரை அதைப்பற்றி ஒரு வார்த்தை கிடையாது.

ஊற்றின் முதலாளிக்கு லிஃப்ட்டுக்காரர் டாக்டர் சான்றிதழோடு இரண்டு கடிதம் எழுதினார். பதில் இல்லை. மூன்றாவதைக் கையில் எடுத்துக்கொண்டு நேரிலேயே போய் நின்றார். அதன்பிறகு பலகையில் "தோல் நோய்" என்பதற்கு முன்னால் "ஒட்டும்" என்று ஒரு வார்த்தை நெருக்கியடித்து ஏறியது. அந்த வெந்நீரால் அவருடைய தோல் ஒரு துளியும் குணமாகவில்லை. அதற்காக அவர் போகவும் இல்லை. இதுவரை நாலு தடவை கணவனும் மனைவியுமாகப் போய் வந்துவிட்டார்கள்.

போன மாதம் மச்சானின் மனைவி போன் செய்தாள். "அண்ணி, அடுத்த வாட்டி நானும் வரேன்."

"உன் வீட்டுக்காரன்?"

"அவர் கடையில இருக்கட்டும்."

மூன்று பேருக்கு ஒரு கூடாரம் சொல்லி வைத்தார்கள்.