மூச்சும் ஒரு முழ மண்ணும்

போன வாரம் நெய்யாற்றின்கரை கோர்ட் வராந்தாவில் இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, கண்ணை மூடி, ஆழமாக மூச்சு விட்டுக்கொண்டிருந்ததைப் பார்த்தீர்களா? ஒருவர் நான். இன்னொருவர் கேஸில் என் எதிர்க்கட்சி, பக்கத்து வீட்டு டேவிட்சன்.

மழையில் இடிந்த மண் கையாலையை — எங்கள் ஊரில் வேலிக்குப் பதில் அதுதான் — ஒரு முழம் என் பக்கம் தள்ளிக் கட்டிவிட்டார் மனிதர். ஒரு முழம்! விட முடியுமா? கேஸ் நடக்கிறது... வருஷக்கணக்கில். கூடவே என் பிரஷரும் ஏறியது.

டாக்டர் கறாராகச் சொன்னார். "ஒண்ணு கேஸை விடும், இல்லேண்ணா கோபத்தை விடும். ரெண்டையும் பிடிச்சோண்டு இருந்தா சீக்கிரம் போயிருவீரு ஓய்!"

மனைவி அழுதே விட்டாள். "ஒங்களுக்கு வல்லதும் ஆச்சுண்ணா எனக்கு ஆருண்டு? அந்தக் கையாலையா வந்து கஞ்சி ஊத்தும்?"

பயந்துதான் போனேன். உடனே கோபத்தை விடத் தீர்மானித்தேன். கேஸை விடுவதைவிட அது சுலபம் இல்லையா?

பாறசாலையில் எஸ்.டி.டி. பூத் மாடியில் தாய்-சி வகுப்பு. மூச்சை இழுத்து விட்டுக்கொண்டே ஆமை வேகத்தில் கையை அசைக்கும் சீனப் பயிற்சி. மாஸ்டர், பட்டாளத்தில் இருந்து ரிட்டயரானவர். போய் நின்றால்... முன் வரிசையில் டேவிட்சன். அவருக்கும் பிரஷராம்!

எங்கள் வரலாறு தெரியாத மாஸ்டர் இருவரையும் ஜோடி சேர்த்து, மணிக்கட்டோடு மணிக்கட்டை ஒட்டி நிற்க வைத்தார். "அவரு தள்ளும்போ நீங்க மூச்சை உள்ள இழுத்து விட்டுக்குடுக்கணும்."

விட்டுக்கொடுப்பதா? இவருக்கா? டேவிட்சன் பல்லைக் கடித்துக்கொண்டு தள்ளினார். நான் கல்லாக நின்றேன்.

"இது மல்லுக்கட்டு இல்ல, மூச்சாக்கும்!" என்று மாஸ்டர் கத்தினார். அவருக்கே மூச்சு வாங்கியது.

ஆனால் பொய் சொல்லக்கூடாது, பழகப் பழகப் பலித்தது. அவர் தள்ள நான் பின்வாங்க, நான் தள்ள அவர் பின்வாங்க... பிரஷர் இறங்கிவிட்டது. இருவருக்கும்! இப்போது கோர்ட்டுக்கு ஒரே பஸ். ஜன்னல் ஸீட்டைக்கூட எனக்கு விட்டுக்கொடுக்கிறார்.

மனைவிக்கு ஒரே சந்தோஷம். "அப்ப இனி கேஸை விட்டிரலாமுல்லா?"

எதற்கு? செத்துவிடுவோமோ என்ற பயம் இருந்தவரை, சமாதானமாகப் போகலாமா என்று இருவருக்கும் ஒரு யோசனை இருந்தது. இப்போதுதான் அந்தப் பயமே இல்லையே!

போன வாரம் கோர்ட்டிலிருந்து திரும்பும் பஸ்ஸில் டேவிட்சன் மூச்சை ஆழமாக இழுத்து, சாந்தமாகச் சொன்னார். "இங்க தோத்தா நான் ஐகோர்ட்டுக்குப் போவேனாக்கும்."

"போவும் ஓய், நானும் வாறேன்" என்றேன், மூச்சை மெதுவாக விட்டபடி.

டாக்டர் எனக்கு எழுதிக்கொடுத்த பிரஷர் மாத்திரை வீண்போகவில்லை. இப்போது அதைச் சாப்பிடுவது என் மனைவி.