சிம்மக்குரல் என்று அச்சடித்தேன்

மாணவர் சங்கக் காரியதரிசிக்குப் பேச்சாளரைத் தேடுவதைவிடக் கேட்பவர்களைத் தேடுவதுதான் பெரும்பாடு. காலி பெஞ்சுகளைப் பார்த்து வரவேற்புரை படித்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில், காரைக்குடியில் எங்கள் பள்ளிக்கூடச் சங்கத்துக்கு நான்தான் காரியதரிசி.

தமுக்கு

முதல் கூட்டத்துக்கு ஏழு பேர் வந்தார்கள். அதில் இருவர் மழைக்கு ஒதுங்கியவர்கள். அடுத்த கூட்டத்துக்குத் தமுக்கு அடிப்பவரைப் பிடித்துத் தெருத்தெருவாக அனுப்பினேன். ஒருவர்கூட வரவில்லை. மறுநாள் பள்ளிக்கூட வாசலில் மோர் விற்கும் அம்மா சொன்னார்:

"தமுக்குச் சத்தம் கேட்டதும் காலரா ஊசி போட வாராகன்னு பிள்ளைகளை உள்ள இழுத்துக் கதவைச் சாத்திட்டோம் தம்பி!"

நோட்டீஸ்

மூன்றாம் கூட்டத்தில் என் வகுப்புத் தோழன் முத்தையா முதன்முறையாகப் பேசுவதாக இருந்தது. கோட்டையூர் விவசாயி வீட்டுப் பிள்ளை, கூச்சக்காரன். என்னிடம் தனியாகப் பேசிக்காட்டினால் கேட்டுக்கொண்டே இருக்கலாம். "பத்துப் பேரு போதும்டா" என்று கெஞ்சியிருந்தான். நானோ, 'சிம்மக்குரலோன் முழங்குகிறார்' என்று மஞ்சள் காகிதத்தில் அச்சடித்துப் பள்ளத்தூர் வரை ஒட்டினேன்.

சுற்றுப்பட்டு ஊர் ஜனங்கள் வண்டி கட்டிக்கொண்டு வந்துவிட்டார்கள். மேடையேறிய முத்தையா "பெரியோர்களே" என்றான். அதற்குமேல் குரல் எழவில்லை. "சிங்கம் எப்ப முழங்கும்?" என்று பின்னாலிருந்து யாரோ கேட்க, கூடமே சிரித்தது. அவன் இறங்கி வெளியே நடந்தான். ஓடிப்போய்க் கையைப் பிடித்தேன். என்னைத் திரும்பிப் பார்க்காமலே சொன்னான்:

"பத்துப் பேருன்னுதானேடா சொன்னேன்."

மிளகாய்ப் பாத்தி

ஒரு வாரம் அவன் பள்ளிக்கூடம் வரவில்லை. கோட்டையூருக்கு நடந்தே போனேன். மிளகாய்ப் பாத்திக்குத் தண்ணீர் திருப்பிக்கொண்டிருந்தான். "படிப்பே வேணாங்கிறான் தம்பி. வாயத் தொறந்து பேசவும் மாட்டேங்கிறான்" என்றார் அவன் அப்பா. எனக்கு அழுகை வந்துவிட்டது. நடந்ததை முழுதும் சொல்லி, தப்பு என்னுடையது என்றேன்.

அவர் மண்வெட்டியைக் கீழே வைத்தார். "அந்தப் பேச்சை நான் கேக்கலையேப்பா. இங்கன ரெண்டு பேருதான் இருக்கோம், சொல்லு" என்றார்.

முத்தையா தரையைப் பார்த்தபடி தொடங்கினான். தடுமாறினான், மறுபடி தொடங்கினான். பிறகு நிமிர்ந்தான். பாத்தி நிறைந்து தண்ணீர் வரப்பைத் தாண்டி ஓடியது. மூவரும் கவனிக்கவில்லை. அவன் முடித்ததும் அப்பா முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டு கேட்டார்:

"இம்புட்டையும் உள்ள வச்சுக்கிட்டா ஒரு வாரமா பேசாம இருந்த?"

திங்கட்கிழமை அவன் வகுப்புக்கு வந்துவிட்டான். அதற்குப்பின் நான் போட்ட நோட்டீஸ்களில் பேச்சாளர் பெயரும் நேரமும் தவிர வேறொன்றும் கிடையாது, கூட்டமும் பெரிதாக வந்தது கிடையாது.